முதல் ஃப்ரேமில் அப்பா

அப்பாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போன வாரம் நாம் கிளம்பி வந்துவிட்டோம். அவர் இன்னும் அங்கே உட்கார்ந்துதான் இருக்கிறார். படுக்கச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்!

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியவள் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். படம் எடுப்பது அவள் பொறுப்பு. எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு நிறமும் வெளிச்சமும் சரிசெய்வது அவள் தம்பி சின்னவன் பொறுப்பு. ஒரு துணிக் கம்பெனியின் கேட்டலாக் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய வேலை அதுதான். மாதக்கணக்கில் துணி துணியாக எடுத்துத் தள்ளினார்கள். கடைசியில் கம்பெனி மேனேஜர் மாதிரிப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார். வெள்ளைத் துணி எல்லாம் நீலம் கலந்து தெரிகிறது, கடுகு நிறத் துணி பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்று ஒரு பிடி பிடித்தார்.

பாதி சண்டையில் அவர் பார்வை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பாமேல் போனது. குரல் இறங்கிவிட்டது.

"ஐயா, உங்க கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

நிறத்துக்காகச் சண்டைபோட வந்த மனிதர்தான் அதைக் கண்டுபிடித்தார். நிறத்தையே தொழிலாக வைத்திருந்த அக்காவும் தம்பியும் அப்போதுதான் திரும்பி அப்பாவின் கண்ணைப் பார்த்தார்கள்.

இன்று காலை டாக்டரம்மா வந்தபோது அப்பா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நாளாகவே அவருக்கு அந்தக் கண்ணாடி, படத்துக்கு ஸ்டூலில் உட்காரும்போது மட்டும்தான் கழற்றுவார். வெயில் கூசுகிறது என்று சொல்லியிருந்தார். யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

"கண்ணாடியைக் கழட்டுங்க" என்றார் டாக்டரம்மா. இமையை விரலால் கீழே இழுத்துப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒரு ரெண்டு வாரம் இருக்கும். வரும், போகும்" என்றார் அப்பா.

"வரும் போகுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது. அப்புறம் வந்துது."

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் குறித்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறவள். "எனக்கு எல்லாமே கொஞ்சம் மஞ்சளாத்தாங்க தெரியும். சுவரும் அப்படித்தான், இவரும் அப்படித்தான்" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெரியவளை வெளியே அழைத்தார். நடையில் தள்ளுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"பித்தம் இறங்கற குழாய்ல ஏதோ அடைப்பு இருக்கு. கல்லா இருந்தா பெரும்பாலும் மஞ்சள் ஏறும், இறங்கும். வேற ஏதாவது வளர்ந்து அடைச்சிருந்தா ஏறிக்கிட்டேதான் போகும். முடிவா ஸ்கேன்தான் சொல்லணும், சாயங்காலம் வந்துடும். ஆனா எப்ப ஆரம்பிச்சது, எப்படி ஏறிச்சுன்னு தெரிஞ்சா அடுத்து எதை முதல்ல பண்றதுன்னு யோசிக்க எனக்கு உதவும். உங்க அப்பா சொல்றதை நான் முழுசா நம்பல."

"நாங்க தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம் டாக்டர். எங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"தினமும் பார்த்தா தெரியாதும்மா. கொஞ்சம் கொஞ்சமா ஏறும், கண்ணு பழகிடும். பழைய ஃபோட்டோ இருந்தா கொண்டுவாங்க. ஃபோன்ல எடுத்தது வேண்டாம், அது எல்லாரையும் அழகாக்கிடும்."

ஃபோட்டோவா! அப்பாவின் படம் அவளிடம் இருப்பதுபோல் வேறு யாரிடம் இருக்கும்?

உள்ளே போய்ப் பையை எடுத்தாள். "வீட்டுப் பக்கம் போறியா? என் சீப்பு, அப்புறம் அந்தப் பவுடர் டப்பா ரெண்டையும் எடுத்துட்டு வா" என்றார் அப்பா.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க பவுடர்? மாப்பிள்ளை பார்க்கவா வர்றாங்க?" என்றாள் அம்மா.

சின்னவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த அறையில் அன்று கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

ஸ்டுடியோ ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இருக்கிறது. கீழே ட்ரில் சத்தம் கேட்டால் மேலே அக்காவும் தம்பியும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இன்று அந்தச் சத்தம் இருவர் காதிலும் விழவில்லை.

கறுப்புத் திரை, குடை மாட்டிய இரண்டு விளக்கு, நடுவில் ஒரு ஸ்டூல். சுவரில் ஆணியில் தொங்குகிறது ஒரு சாம்பல் அட்டை. கையகலம்தான். அது பார்க்க ஒன்றுமில்லாத அட்டை, ஆனால் அந்தத் தொழிலில் அதற்கு மரியாதை அதிகம். வெளிச்சம் மஞ்சளடித்தாலும் நீலமடித்தாலும் அந்த அட்டை சாம்பல்தான். படத்தில் அந்த அட்டையைக் காட்டி 'இதுதான் சாம்பல்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் மற்ற நிறமெல்லாம் தானாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை தொடங்குமுன் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவது அப்பாவின் வேலை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதருக்கு வாரத்தில் ஒரு நாளாவது எங்கேயாவது நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டும். சட்டை மாற்றி, தலை வாரி, மாடிப்படி ஏறி வந்துவிடுவார். முதல் ஃப்ரேம், அதாவது அந்த வாரத்தின் முதல் படம், அவர்தான். அது ராசி என்று பெரியவள் வெளியே சொல்லமாட்டாள், ஆனால் அவர் உட்காராமல் ஒரு வாரமும் கேமராவை எடுத்ததில்லை. அந்த வாரத்துத் துணிகளின் நிறத்துக்கெல்லாம் அந்த முதல் ஃப்ரேம்தான் அளவுகோல்.

சின்னவன் கம்ப்யூட்டரைப் போட்டான். முதல் ஃப்ரேம்களை வரிசையாகத் திறந்தான். திரை முழுக்க அப்பா. வாரத்துக்கு ஒரு சட்டை, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே நல்ல நிறம்.

"பாருக்கா. எதுலயுமே மஞ்சள் இல்ல. அப்பா சொன்னது சரிதான், ரெண்டு வாரமாத்தான் இருக்கணும்."

பெரியவள் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் அச்சடித்ததுபோல் ஒரே நிறமாக இருந்தது. இத்தனை வாரத்தில் ஒரு மனிதர் ஒருநாளாவது வெயிலில் அலைந்து கறுத்திருக்க மாட்டாரா?

"இது நீ சரிபண்ணின படம்டா. ரா ஃபைலைக் காட்டு."

ரா என்றால் கேமரா கண்டதைக் கண்டபடி வைத்திருக்கும் கோப்பு. சமைக்காத அரிசி என்று சின்னவன் சொல்வான். அதன்மேல் என்ன திருத்தம் செய்தாலும் அது தனியாகப் பக்கத்தில் பதிவாகும், மூலத்தை யாரும் தொடுவதில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் திருத்தம் எல்லாம் கழன்று, எடுத்த நேரத்தில் இருந்தது வந்து நிற்கும்.

"எதுக்குக்கா? விளக்குல மஞ்சள் ஏறியிருந்தது. அதைத்தான் குறைச்சேன்."

"எல்லாத்தையும் ரீசெட் பண்ணு. அப்புறம் ஒவ்வொண்ணுலயும் அட்டைமேல கிளிக் பண்ணு. முகத்தைப் பார்க்காத. அட்டையை மட்டும் பாரு."

சின்னவன் செய்தான். முதல் சில வாரங்கள் ஒன்றும் மாறவில்லை. அட்டை சாம்பல், அப்பா அப்பாவாகவே இருந்தார். அடுத்ததில் அவன் விரல் மவுஸிலேயே நின்றுவிட்டது.

அட்டை துல்லியமான சாம்பல். அதைப் பிடித்திருந்த விரல்கள் மஞ்சள்.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கேட்டலாக் வேலை பாதியில் இருந்தபோதே அது தொடங்கிவிட்டது. அப்பா சொன்ன இரண்டு வாரம் எங்கே, இது எங்கே!

"அட்டையைத்தானேடா எப்பவும் கிளிக் பண்ணுவ? எப்ப விட்ட?"

சின்னவன் குரல் உள்ளே போய்விட்டது. "அட்டையில கிளிக் பண்ணினா முகம் மஞ்சளா வந்துது. அப்பா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு. 'விளக்கு பழசாயிடுச்சுப்பா, மஞ்சளடிக்குது, அட்டையும் மங்கிப்போச்சு. நீ கண்ணால பார்த்துச் சரிபண்ணிக்கோ'ன்னு சொன்னாரு. எனக்கு அப்பா முகம் தெரியாதாக்கா? அந்த முகம் சரியா வர்ற வரைக்கும் மஞ்சளைக் குறைச்சேன். அதையே அந்த வாரத்துத் துணி எல்லாத்துக்கும் போட்டேன்."

சொல்லி முடிக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைத் துணியில் ஏறிய நீலம், கடுகு நிறத்தில் பிடித்த பாசி. புதுசு புதுசாக விளக்கு வாங்கி மாற்றியும் போகாத கோளாறு. விளக்கு நன்றாகத்தான் இருந்தது, அட்டையும் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவின் உடம்பிலிருந்த மஞ்சளைத்தான் அவன் வாராவாரம் எல்லாத் துணியிலிருந்தும் கழித்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்க்கா மறைச்சேன்" என்றான். நாற்காலியில் அப்படியே குனிந்துவிட்டான். "என் கையால வாராவாரம் உட்கார்ந்து மறைச்சிருக்கேன்."

பெரியவளுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் கோபக்காரி, போன மாதம் இதே நிறத்துக்காக அவனைக் கிழித்துத் தொங்கவிட்டவள். ஆனால் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்ததும் துக்கம்தான் வந்தது. கேமராவுக்குப் பின்னால் வாராவாரம் நின்றவள் அவள். கண்ணால் பார்த்துப் பார்த்து எடுத்தவள். அவள் மட்டும் என்ன கண்டாள்?

"துணியைத் திருத்திடலாம்டா. ரா எல்லாம் இருக்கு. உட்கார்ந்தா ஒரு வாரத்துல எல்லாத்தையும் சரிபண்ணிடலாம்."

"துணியை யாரு கேட்டா?"

அவன் சொன்னது நியாயம்தான். அவள் அவன் நாற்காலியை நகர்த்தி மவுஸைத் தன் கையில் வாங்கினாள். மீதி வாரங்களை அவளே அட்டைமேல் கிளிக் செய்தாள். ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாரம். நீலச் சட்டை.

முகம் வெளுத்திருந்தது.

பெரியவள் அட்டையை மறுபடி கிளிக் செய்து பார்த்தாள். அட்டை சாம்பல்தான், சந்தேகமே இல்லை. முகத்தில் மஞ்சள் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அடுத்த வாரம் மறுபடி ஏறியிருந்தது.

"இறங்கியிருக்கு!" சின்னவன் எழுந்து நின்றுவிட்டான். "ஏறி இறங்கியிருக்குக்கா! வரும் போகும்னு அப்பா சொன்னாரே! அப்ப கல்லுதான். வெறும் கல்லு!"

பெரியவளும் நம்பினாள். கல் என்றால் எடுத்துவிடலாம். அவள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அவன் ஃபோனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டுவிட்டான். "அம்மா, நடுவுல குறைஞ்சிருக்கும்மா! ஃபோட்டோவுல இருக்கு! கல்லாத்தான் இருக்கும், பயப்படாதே!" மறுமுனையில் அம்மா அழுவதும் அப்பாவிடம் சொல்வதும் இங்கே கேட்டது. அப்பா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

பெரியவள் அந்த நீலச் சட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட்டுக்கொண்டே பார்த்தாள். அது தொழில் பழக்கம். நல்ல படம் என்றால் பெரிதாக்கிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

பெரிதாக்கினாள்.

கன்னம் வெளுப்பு. காது மஞ்சள். முகத்தையே பார்த்ததில் கவனிக்காமல் விட்ட விரல்களும் மஞ்சள். காதுமடலுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வரப்பு போட்டதுபோல் ஒரு கோடு. புருவ முடியில் பொடிப்பொடியாக வெள்ளை. நீலச் சட்டையின் காலரில் கையால் தட்டிவிட்டும் போகாத மாவுத் தூசி.

அந்தப் படத்தில் மட்டும் அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. அட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிழலில் இருந்தது. நிழலுக்குள் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஸ்லைடர் ஒன்று உண்டு. சாதாரண ஜேபெக் படமாக இருந்தால் அங்கே கறுப்பைத் தவிர ஒன்றும் கிடைக்காது. ரா ஃபைலில் இருட்டுக்குள்ளும் விஷயம் இருக்கும். அவள் ஸ்லைடரை நகர்த்தினாள். இமைக்குக் கீழே கண்ணின் வெள்ளை மெல்ல வெளிப்பட்டது.

அது வெள்ளையாக இல்லை. அதற்கு முந்தைய வாரத்தைவிட மஞ்சள்.

"பவுடர்டா" என்றாள்.

சின்னவன் கையில் ஃபோன் இன்னும் இருந்தது.

காலையில் ஆஸ்பத்திரியில் சிரித்த சிரிப்பு இப்போது அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

"அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் பெரியவள். "அன்னிக்கே தெரியும். அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதான் விளக்கு மேல பழியைப் போட்டிருக்காரு."

"எதுக்குக்கா?"

அவளுக்குக் காரணம் தெரிந்தது, சொல்லப் பிடிக்கவில்லை.

சின்னவன் மெதுவாகச் சொன்னான். "அம்மாகிட்ட சொல்லிட்டேனே. இப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றது? அந்தப் படத்தை மட்டும் அப்படியே டாக்டர்கிட்ட காட்டிடலாம்க்கா. பெரிசாக்காம காட்டினா யாருக்கும் தெரியாது. சாயங்காலம் ஸ்கேன் வரத்தான் போகுது. அதுவரைக்குமாவது அம்மா நிம்மதியா இருக்கட்டுமே."

உண்மையைச் சொன்னால் பெரியவளுக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு அரை நாள் அம்மா சிரித்துக்கொண்டிருந்தால் யார் குடி முழுகிவிடும்? அவள் திரையைப் பார்த்தாள். புருவத்தில் ஒட்டிய பவுடர். கண்ணாடி முன்னால் தனியாக நின்று, அம்மாவின் டப்பாவைத் திறந்து, அந்தப் பெரிய கைகளால் முகத்தில் அப்பிக்கொண்டு, படியேறி வந்து உட்கார்ந்த மனிதர்.

"அவர் பவுடர் போட்டாரு. நீ ஸ்லைடர்ல குறைச்ச. இப்ப என்னையும் அதையே பண்ணச் சொல்றியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாத்தையும் வரிசையா பிரிண்ட் எடு. அட்டை தெரியற மாதிரி எடு. நீலச் சட்டையில நிழலைத் திறந்தது அப்படியே இருக்கட்டும். எதையும் குறைக்காத."

மாலையில் அவர்கள் போனபோது அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் கழுவி, தலை பின்னியிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் கல்லுதானாம், கல்லுதானாம் என்று சொல்லி முடித்திருந்தாள் என்பது அவர்கள் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

"எங்கே, காட்டு காட்டு. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி கிட்ட காட்டு."

"முதல்ல அப்பா பாக்கட்டும்மா" என்றாள் பெரியவள்.

அப்பா உறையை வாங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் போர்வைமேல் வைத்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. நீலச் சட்டையில் வந்து நின்றார்.

"சின்னவன் மஞ்சளைக் குறைக்கலையா?"

"இல்லப்பா" என்றான் சின்னவன்.

"பவுடர் தெரியுதா?"

"புருவத்துல ஒட்டியிருக்குப்பா" என்றாள் பெரியவள்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்குப் படம் தெரியாவிட்டால் என்ன, அறையில் நடப்பது தெரியாதா? "என்ன பவுடர்? யாரு பவுடர்?" என்றவள், யாரும் பதில் சொல்லும் முன்பே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அதான் என் டப்பா பாதியில காலியாச்சா? நான் மருமக வராத வீட்டுல யாரு எடுக்கறாங்கன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"அப்ப குறையலையா?" என்று பெரியவளைக் கேட்டாள்.

"குறையலம்மா. ஏறிக்கிட்டேதான் இருந்திருக்கு. ரொம்ப நாளா."

அம்மா அப்பாவின் தோளில் ஒரு அடி வைத்தாள். அடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினீங்களே. மஞ்சள் விளக்கு விழுந்தா வண்டியை நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அப்பா. "பின்னாடி நீங்கள்லாம் உட்கார்ந்திருந்தீங்க. நேரத்துக்குக் கொண்டுபோய் சேக்கணும்னு நெனச்சேன்." பெரியவளைப் பார்த்தார். "உனக்கு அந்தக் கேட்டலாக் முடியட்டும்னுதான்மா இருந்தேன். நான் படுத்துட்டா நீ கேமராவைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்துடுவ. எனக்குத் தெரியாதா உன்னை? நீ முடிச்சுக் குடுத்துட்டீன்னா அடுத்த நாளே டாக்டர்கிட்ட போயிடலாம்னு இருந்தேன். அது முடியவே மாட்டேங்குது. அந்த மேனேஜர் வேற நிறம் சரியில்லைன்னு குதிச்சாரு." அவர் குரலில் கவலை வந்துவிட்டது, தன்னைப் பற்றியதல்ல. "அது என்னாச்சு? கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சீங்களா?"

சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பல்ப் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரை பழுது என்று சொன்னாலும் நம்பிவிடுவார். மகளுக்காக இத்தனை மாதம் மறைத்த மனிதரிடம், நீங்கள் மறைத்ததால்தான் என் வேலை கெட்டது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் மத்தியானம் தம்பியிடம் அவள் சொன்ன வார்த்தை அவளையே பிடித்துக்கொண்டது.

"கண்டுபிடிச்சோம்பா" என்றாள். கட்டிலின் மறுபுறம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். "உங்க முகத்தை வெச்சுத்தான் சின்னவன் நிறம் பார்த்தான். உங்க மஞ்சளைக் குறைச்சப்ப துணியிலயும் குறைஞ்சுடுச்சு. அவ்வளவுதான்."

அப்பாவுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாய் லேசாகத் திறந்தது. "நானா? நான் என் படத்துல மட்டும்தானே குறைக்கறான்னு…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். கை தானாகக் கறுப்புக் கண்ணாடியைத் தேடியது. பெரியவள் அந்தக் கையை விடவில்லை.

"அதெல்லாம் திருத்திடலாம்பா. மூலம் எல்லாம் பத்திரமா இருக்கு. துணி எங்கேயும் ஓடிப்போகாது."

"முன்னாடியே சொல்லியிருந்தா வேலையும் கெட்டிருக்காது, இல்ல?"

"கெட்டிருக்காதுப்பா."

அவர் தலையை ஆட்டினார். கண்ணில் நீர் நிறைந்தது. துடைக்கவில்லை. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் அடக்க முடியவில்லை, அடக்கவும் முயலவில்லை. நாலு பேரும் நன்றாக அழுதார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் நாகரிகமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் தணிந்ததும் அப்பா கேட்டார். "இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கள்" என்றாள் அம்மா.

"கேமரா இருக்கா?"

பையில் கேமரா எப்போதும் இருக்கும். அட்டையையும் ஆணியிலிருந்து எடுத்து வந்திருந்தாள், ஏன் எடுத்தாள் என்று தெரியாமலே. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அம்மாவின் சீப்பை வாங்கித் தலை வாரினார். பவுடரை யாரும் கொண்டுவரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அட்டையை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டார். விரல்கள் எந்தப் படத்திலும் இருந்ததைவிட மஞ்சளாக இருந்தன.

பெரியவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். அப்பா நேராக லென்ஸைப் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார்.

"சின்னவனே, இதுல எதையும் குறைக்காத" என்றார்.

"சரிப்பா."

அவள் எடுத்தாள். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து கதவும் திறந்தது. டாக்டரம்மா வாசலில் நின்றார். கையில் பெரிய உறை. கட்டில்மேல் பரப்பிக் கிடந்த படங்களைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் தொழில்தானே.

"வீட்டுல யாராவது ஒருத்தர் மட்டும் என்கூட வெளியே வாங்க" என்றார்.

பெரியவள் பாதி எழுந்துவிட்டாள்.

"யாரும் போக வேண்டாம்" என்றார் அப்பா. அட்டையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி போர்வைமேலேயே கிடந்தது. "டாக்டர், என்னவா இருந்தாலும் இங்கேயே சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும், நானும் கேக்கறேன்."

டாக்டரம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார். உறையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

நாலு பேரும் அதை நிமிர்ந்து பார்த்தார்கள்.